மார்ஸ் அட்டாக்ஸ் 1962: முழு செட்டா, உயர்ந்த கிரேடில் நாலு கார்டா, மறுஅச்சே போதுமா?

ஒரு தொகை கையில் இருக்கிறது, அதை 1962-இல் பபுள் கம்மோடு வந்த, செவ்வாய்க்காரர்கள் பூமியைத் தாக்கும் கதையைச் சொல்லும் மார்ஸ் அட்டாக்ஸ் படக் கார்டுகளில் போடலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். இதுவரை சரி. அடுத்த கேள்வியில்தான் நிறைய பேர் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். மூலை மழுங்கியிருந்தாலும் பரவாயில்லை என்று 55 அசல் கார்டுகளையும் செட்டாக வாங்குவதா? அதே பணத்துக்கு, கார்டின் நிலையை மதிப்பிட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்து, பத்துக்கு 8 என்றோ 9 என்றோ கிரேடு எண் போட்ட நாலைந்து கார்டுகளை மட்டும் வாங்குவதா? மறுஅச்சு செட் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு மீதிப் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வதா? இல்லை, இந்தக் கார்டுகளின் ஓவியர் அதே காலத்தில் வரைந்த, அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய சிவில் வார் நியூஸ் செட்டுக்குப் போய்விடுவதா?

இந்த நாலையும் நான் வெவ்வேறு சமயங்களில் செய்து பார்த்திருக்கிறேன். அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். படத்துக்காக வாங்குபவராக இருந்தால், சுமாரான நிலையில் உள்ள முழு அசல் செட்டைத் தேடுங்கள். ஏன் என்று புரிய, இந்தக் கார்டுகளில் அப்படி என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் விலையைப் பற்றிய பேச்செல்லாம் கடைசியில் அந்தப் படங்களிடம்தான் வந்து நிற்கிறது.

டாப்ஸ் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த பபுள் கம் கம்பெனி. பேஸ்பால் கார்டுகளால் பெயர் வாங்கியது. அங்கே வேலை செய்த வுடி கெல்மன், லென் பிரவுன் இருவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் மார்ஸ் அட்டாக்ஸ். லென் பிரவுன் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். முதல் வரைவுகளில் சிலவற்றை வாலி வுட் போட்டார், 1950-களின் திகில், விண்வெளி காமிக்ஸ்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் போதும். பென்சில் வேலையைப் பாப் பவல் செய்தார். அதன் மேல் வண்ணம் தீட்டிப் பெரும்பாலான கார்டுகளை முடித்துக் கொடுத்தவர் நார்மன் சாண்டர்ஸ். செட்டின் முகம் என்றால் அவர்தான்.

சாண்டர்ஸ் 1907-இல் பிறந்தவர். 1930-களிலிருந்து மலிவுவிலைக் கதைப் பத்திரிகைகளுக்கு அட்டைப்படம் வரைந்தே வாழ்ந்தவர். கடையில் வரிசையாகத் தொங்கும் பத்திரிகைகளில் தன்னுடையதை மட்டும் ஒருவன் கை நீட்டி எடுக்க வேண்டும், அதற்கு அவனுக்கு இரண்டு நொடிதான் இருக்கிறது. அந்த இரண்டு நொடிக்காக முப்பது வருடம் பழகிய கை, இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் உள்ள ஒரு கார்டுக்கு வந்து சேர்ந்தது. மூல ஓவியங்களே அப்படி ஒன்றும் பெரியவை அல்ல, அச்சான கார்டை விடக் கொஞ்சம்தான் பெரியவை. பெரிதாக வரைந்து சுருக்கியிருந்தால் நுணுக்கங்கள் நசுங்கிப் போயிருக்கும். அவர் கார்டின் அளவை மனதில் வைத்தே வரைந்ததால்தான், உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாலும் ஒவ்வொரு முகமும் என்ன உணர்கிறது என்று தெரிகிறது.

36-ஆம் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் 'டிஸ்ட்ராயிங் எ டாக்'. ஒரு சிறுவன் கண் முன்னாலேயே அவனுடைய நாயைச் செவ்வாய்க்காரன் கதிர்த் துப்பாக்கியால் சுடுகிறான், நாய் எரிந்து எலும்பு தெரிகிறது. 1962-இல் ஐந்து சென்ட் கொடுத்துப் பபுள் கம் வாங்கிய பிள்ளையின் கையில் இந்தப் படம் கிடைத்தது என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். 13-ஆம் எண் 'வாட்சிங் ஃப்ரம் மார்ஸ்' இன்னொரு வகை. பூமி நாசமாவதைச் செவ்வாயில் உட்கார்ந்து திரையில் பார்த்துக் களிக்கிறார்கள். வன்முறை அவ்வளவாகத் தெரிவதில்லை, ஆனால் எனக்கு இந்தச் செட்டிலேயே அதிகம் உறுத்துவது இதுதான். 29-ஆம் எண்ணின் பெயர் 'டெத் இன் த ஷெல்டர்'. அணுகுண்டுக்குப் பயந்து அமெரிக்கர்கள் வீட்டுத் தோட்டத்தில் பதுங்கு அறை தோண்டிக்கொண்டிருந்த காலம் அது. அதே 1962 அக்டோபரில்தான் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தது. அந்த அறைக்குள்ளும் சாவு வரும் என்று ஒரு கார்டு சொல்கிறது. அதனால்தான் இவற்றை வெறும் பேய்க்கதைப் படங்கள் என்று யாராவது தள்ளினால் நான் ஒத்துக்கொள்வதில்லை.

அப்புறம், இது ஒரு தொடர்கதை. இதை மறந்துவிட்டு வாங்குபவர்கள்தான் அதிகம். செவ்வாய் வெடிக்கப் போகிறது, அங்கே இருப்பவர்கள் பூமியைப் பிடிக்கக் கிளம்புகிறார்கள். வாஷிங்டன் எரிகிறது, கப்பல்கள் எரிகின்றன, லண்டன் பார்லிமென்டில் அலறுகிறார்கள், உறைய வைக்கும் கதிர் வருகிறது, ஆளைச் சுருக்கும் கதிர் வருகிறது, நடுவில் பூச்சிகளை ராட்சத அளவுக்கு வளர்த்து ஏவுகிறார்கள். 46-ஆம் எண்ணில் மனிதர்கள் செவ்வாய்க்குக் கிளம்புகிறார்கள், அதற்குப் பிறகு பழிவாங்கல். 54-இல் செவ்வாய் வெடித்துச் சிதறுகிறது. ஒவ்வொரு கார்டின் பின்பக்கத்திலும் கதையின் அடுத்த துண்டு அச்சாகியிருக்கிறது. பழிவாங்கும் பகுதியில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதம் செவ்வாய்க்காரர்களிடமிருந்து அப்படி ஒன்றும் வேறுபடுவதில்லை. வரிசையாகப் படித்தால் மட்டுமே இது மனதில் படும். நாலு கார்டை வாங்கிச் சுவரில் மாட்டினால் இது உங்களுக்குக் கிடைக்காது.

கம்பெனிக்கும் இது தாங்காது என்று தெரிந்திருக்கிறது. டாப்ஸ் என்ற பெயரைப் போடாமல் 'பபுள்ஸ் இன்க்' என்ற பெயரில்தான் வெளியிட்டார்கள். பெற்றோர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. ரத்தத்தையும் பெண் உருவங்களையும் அடக்கி 13 கார்டுகளை மாற்றி வரைய வைத்தும் பார்த்தார்கள், கடைசியில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அதனால் இவை பேஸ்பால் கார்டுகள் போல நாடு முழுக்க, கோடை முழுக்க விற்ற சரக்கு அல்ல. கொஞ்ச காலம்தான் கடையில் இருந்தன. வாங்கியவர்களும் பிள்ளைகள், பாதுகாத்து வைக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இன்றைய விலைக்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதிக்கு ஓவியம் ஒரு காரணம், 1996-இல் இயக்குநர் டிம் பர்ட்டன் இதே பெயரில் எடுத்த சினிமா வழியாக இந்தக் கார்டுகளைத் தெரிந்துகொண்டு வந்த புதிய கூட்டம் இன்னொரு காரணம்.

இப்போது முதல் வழிக்கு வருவோம், முழு அசல் செட்.

இதில் பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். 55 கார்டும் ஒரே விலை அல்ல. 1-ஆம் எண்ணும் 55-ஆம் எண்ணும் மற்றவற்றை விட எவ்வளவோ மேலே நிற்கின்றன. அவை குறைவாக அச்சிடப்பட்டதால் அல்ல. பிள்ளைகள் கார்டுகளை எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தார்கள். மேலே இருந்த 1-ஆம் எண்ணும் அடியில் இருந்த 55-ஆம் எண்ணும் தேய்மானத்தையெல்லாம் வாங்கிக்கொண்டன. விளிம்பில் ரப்பர் பேண்ட் வெட்டிய பள்ளத்தை இன்றும் அந்த இரண்டிலும் அடிக்கடி பார்க்கலாம். 55-க்கு இன்னொரு தலைவலியும் உண்டு. அது கதைச் சுருக்கமும் கார்டுப் பட்டியலும் உள்ள கார்டு. பட்டியலைப் பார்த்தால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா, தன்னிடம் உள்ளவற்றுக்குப் பென்சிலால் டிக் போட்டுவிடுவார்கள். டிக் இல்லாத 55 நல்ல நிலையில் கிடைப்பது கடினம். இந்த இரண்டுக்கு அடுத்து 36, 'பிரைஸ் கேப்டிவ்' என்ற 21, 'பர்னிங் ஃபிளெஷ்' என்ற 19 மாதிரி, பேர் போன படங்கள் வரும்.

அதனால் 'கிட்டத்தட்ட முழு செட், இரண்டே இரண்டு கார்டு இல்லை' என்று யாராவது விற்றால் இல்லாத அந்த இரண்டு எவை என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் 1-உம் 55-உம் தான். செட் மலிவாகத் தெரியும், ஆனால் அந்த இரண்டைத் தனியாக வாங்கிச் சேர்க்கும்போது மிச்சம் பிடித்ததெல்லாம் கரைந்துவிடும். இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. கையில் இருக்கும் பணத்துக்கு 2-லிருந்து 54 வரை வந்தால் போதும், மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தெரிந்தே வாங்கினால் அது நல்ல முடிவுதான். தெரியாமல் வாங்கினால்தான் வயிற்றெரிச்சல்.

செட் வாங்கும்போது எந்தக் குறையை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது? என் கணக்கு எப்போதும் ஒன்றுதான், படத்தைக் கெடுக்கும் குறை வேண்டாம், மற்றதை ஏற்கலாம். மூலை மழுங்கல், ஏற்கலாம். படம் ஒரு பக்கமாகத் தள்ளி அச்சாகி வெள்ளை ஓரம் ஒரு புறம் அகலமாகவும் மறுபுறம் ஒடுக்கமாகவும் இருந்தால், அதையும் ஏற்கலாம், கண் ஒரு நாளில் பழகிவிடும். பின்பக்கம் பபுள் கம் ஒட்டியிருந்த கறை, ஏற்கலாம். பின்பக்கத்தில் மட்டும் தெரியும் சின்னச் சுருக்கம் இருக்கிறதே, அது உங்களுக்கு வரம். முன்னால் திருப்பினால் இருப்பதே தெரியாது, ஆனால் கிரேடிங்கில் எண்ணைப் பல படி இறக்கிவிடும், விலையும் கூடவே இறங்கும்.

ஏற்கவே கூடாதது இரண்டு. ஒன்று, படத்தின் குறுக்கே ஓடி மையைப் பெயர்த்துவிட்ட மடிப்பு. இன்னொன்று, ஆல்பத்தில் ஒட்டிப் பிய்த்த கார்டு, பின்பக்கக் கதை காகிதத்தோடு போயிருக்கும். பாதிக் கதை இல்லாத தொடர்கதை எதற்கு?

இதற்கெல்லாம் மேலாக நான் பார்ப்பது நிறங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை. நாலு நிறங்களைத் தனித்தனியாக அச்சடித்துத்தான் இந்தப் படங்கள் உருவாகின்றன. ஒரு நிறம் ஒரு மயிரிழை விலகினாலும் முகம் மங்கிவிடும், உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும், சாண்டர்ஸ் கண்ணில் வைத்த பயம் காணாமல் போய்விடும். மூலைகள் கத்தி மாதிரி இருந்து முகம் மங்கலாக உள்ள கார்டுகளையும், மூலை நாலும் உருண்டு போய்ப் படம் மட்டும் நேற்று அச்சடித்தது போல் பளிச்சென்று உள்ள கார்டுகளையும் நான் பார்த்திருக்கிறேன். எனக்கு இரண்டாவது போதும், ஒவ்வொரு முறையும்.

இரண்டாவது வழி, உயர்ந்த கிரேடில் சில கார்டுகள். இது பணத்தைப் பற்றி யோசிப்பவர்களின் வழி, அதில் நியாயம் இருக்கிறது. 1991-இல் தொடங்கிய பிஎஸ்ஏ போன்ற கிரேடிங் நிறுவனங்கள் கார்டை ஆராய்ந்து 1 முதல் 10 வரை எண் கொடுத்து, திறக்க முடியாத பெட்டிக்குள் வைத்துத் தருகின்றன. அந்தப் பெட்டியைச் சேகரிப்பாளர்கள் 'ஸ்லாப்' என்கிறார்கள். அசலா என்ற சந்தேகம் அதோடு தீர்கிறது, விளிம்பைச் செதுக்கியிருக்கிறார்களா, மூலையில் நிறம் பூசியிருக்கிறார்களா என்ற கவலையும் பெரும்பாலும் தீர்கிறது. விற்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் போட்டோவைப் பார்த்தே வாங்கிவிடுவார். இந்தக் கார்டுகள் பிள்ளைகளின் கையில் பட்ட பாட்டுக்கு, உயர்ந்த எண் வாங்கியவை எண்ணிக்கையில் குறைவு, அவற்றுக்குப் போட்டி அதிகம். எண் ஒரு படி ஏறும்போது விலை ஒரு படி ஏறுவதில்லை, தாவுகிறது.

எனக்கு ஒத்துவராதது அந்த எண் எதை அளக்கிறது என்பது. மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா, முக்கியமாக இந்த நாலு. எல்லாம் கார்டு என்ற பொருளைப் பற்றியவை. நிறம் விலகியிருந்தால் அதையும் கணக்கில் எடுப்பார்கள்தான், ஆனால் கண்ணுக்கு ஒரு படம் எப்படி நிற்கிறது என்பதை ஒற்றை எண் சொல்லாது. 7-க்கும் 8-க்கும் நடுவில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும் பகுதி, பூதக்கண்ணாடி வைத்தால் மட்டும் தெரியும் மூலைக்குப் போகிறது. அந்தப் பணத்துக்கு எத்தனையோ கதைக் கார்டுகள் வந்திருக்கும். ஓவியத்துக்காக என்று சொல்லிக்கொண்டு மூலைக்குப் பணம் கொடுப்பது எனக்கு ஒட்டவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் இந்த வழியை நானே பரிந்துரைப்பேன். 1, 55, 36 ஆகிய மூன்றையும் ஸ்லாபில் வாங்குங்கள், எண் 3 ஆக இருந்தாலும் சரி, 4 ஆக இருந்தாலும் சரி. பணம் அதிகம் புழங்கும் கார்டுகளில்தான் ஏமாற்றும் அதிகம். அங்கே நீங்கள் காசு கொடுப்பது நம்பிக்கைக்கு, எண்ணின் உயரத்துக்கு அல்ல. மீதி 52 கார்டுகளைப் பெட்டி இல்லாமல் வாங்கலாம், கையில் எடுத்துத் திருப்பிப் படிக்கவும் முடியும்.

மூன்றாவது வழி மறுஅச்சு. மட்டமாகப் பேசப்பட்டாலும் இதற்கு என் மனதில் மரியாதை உண்டு. டாப்ஸே 1994-இல் 55 பழைய படங்களையும் புதிதாக வரைந்த சிலவற்றையும் சேர்த்து ஆர்கைவ்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. 2012-இல் 50-ஆம் ஆண்டுக்காகப் பழைய கார்டின் தோற்றத்திலேயே ஹெரிடேஜ் என்று ஒரு செட் வந்தது. அதே ஆண்டில் எல்லாக் கார்டுகளின் முன்பக்கமும் பின்பக்கமும் பெரிய அளவில் அச்சான புத்தகம் ஒன்றும் வந்தது. சாண்டர்ஸின் தூரிகை எப்படி ஓடியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அந்தப் புத்தகத்துக்கு ஈடே இல்லை, அசல் கார்டு உட்பட. பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவன் இந்தப் படங்களைப் பார்த்து வரைந்து பழக விரும்பினால், அவனுக்கு நான் கொடுப்பது புத்தகத்தைத்தான்.

ஆனால் சேகரிப்பு மதிப்பு என்று வந்தால் மறுஅச்சில் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. 1962-இல் பிள்ளைகள் சைக்கிள் சக்கரத்தில் சொருகினார்கள், பாக்கெட்டில் திணித்தார்கள், அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள், அதனால் குறைந்தது. 1994-இல் வாங்கியவர்கள் வளர்ந்தவர்கள், உறையோடு அலமாரியில் வைத்தார்கள். எல்லாரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்? விளையாடுவதற்கும் படிப்பதற்கும் வாங்குங்கள், பேரப்பிள்ளைகளுக்குச் சொத்தாக வேண்டாம்.

மறுஅச்சால் எனக்கு ஒரு முறை அடியும் விழுந்திருக்கிறது. 36-ஆம் எண் அசல் என்று ஒருவர் விற்றார், படம் கொஞ்சம் இருட்டாக எடுத்திருந்தார், நானும் ஆசையில் அதிகம் கேட்கவில்லை. வந்தது மறுஅச்சு, ஓரத்தைத் தேய்த்து, டீத்தண்ணீரிலோ எதிலோ முக்கிப் பழசாக்கியிருந்தார்கள். கையில் எடுத்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது, அட்டையின் கனம் வேறு. பூதக்கண்ணாடி வைத்ததும் சந்தேகம் தீர்ந்தது. அசலில் படம் முழுக்க நிறப் புள்ளிகளால் ஆனது, ஆனால் கறுப்பு எழுத்துகள் புள்ளி இல்லாமல் திடமாக, கூர்மையான ஓரத்தோடு இருக்கும். அச்சான கார்டையே படம் பிடித்து மறுபடி அச்சிட்டால் எழுத்துக்குள்ளும் புள்ளி வந்துவிடும், அல்லது எழுத்தின் ஓரம் கலங்கிவிடும், படத்தில் புள்ளி மேல் புள்ளி விழுந்து அலை மாதிரி ஒரு கோலம் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்னக் கண்ணாடி போதும். பேர் போகாத, விலை குறைந்த ஒரு அசல் கார்டை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, எதைப் பார்த்தாலும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புற ஊதா விளக்கைப் பற்றியும் சொல்வார்கள். புதிய காகிதத்தில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்டுகளுக்கு அது நல்ல சோதனை. 1962-க்கு அதை மட்டும் நம்பாதீர்கள், அந்த ரசாயனம் அதற்குள் புழக்கத்துக்கு வந்துவிட்டது. அளவையும் பாருங்கள், விளிம்பு செதுக்கப்பட்ட கார்டு இன்னொரு அசலோடு சேர்த்துத் தட்டினால் உள்ளே போய்விடும்.

நாலாவது வழி, சிவில் வார் நியூஸ். மார்ஸ் அட்டாக்ஸ் உருவாகவே இதன் வெற்றிதான் காரணம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டை ஒட்டி டாப்ஸ் வெளியிட்ட 88 கார்டுகள். ஏறக்குறைய அதே ஆட்கள்தான் செய்தார்கள், சாண்டர்ஸின் கை இதிலும் இருக்கிறது. பின்பக்கம் பழைய செய்தித்தாள் போல, தேதி போட்ட தலைப்புச் செய்தியாக அச்சாகியிருக்கும். முதல் கார்டு அடிமை முறையை எதிர்த்து ஆயுதம் எடுத்த ஜான் பிரவுன், பெயர் 'தி ஆங்க்ரி மேன்'. பாக்கெட்டுக்குள் தென்மாநிலக் கூட்டமைப்பின் காகிதப் பணத்தின் நகலும் இருக்கும், பிள்ளைகளுக்கு அது பெரிய கொண்டாட்டம். ரத்தம் இதிலும் குறைவில்லை, சொல்லப்போனால் செவ்வாய்க்காரர்களை விட அதிகம். ஆனால் சரித்திரம் என்பதால் மார்ஸ் அட்டாக்ஸ் பட்ட பாட்டை இது படவில்லை.

பணத்துக்கு எவ்வளவு சாண்டர்ஸ் கிடைக்கிறார் என்று மட்டும் பார்த்தால் இந்தச் செட்தான் ஜெயிக்கும். ஒரு கார்டுக்கு ஆகும் செலவு மார்ஸ் அட்டாக்ஸை விட நன்றாகவே குறைவு, கிடைப்பதும் எளிது. கூட்டமாக மோதும் குதிரைகளையும் புகையையும் அவர் எப்படிக் கட்டுக்குள் வைக்கிறார் என்று பார்ப்பதற்கு இதில்தான் இடம் அதிகம். இருந்தும் இதை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். 88 படங்களில் பல ஒன்று போல இருக்கின்றன. வடக்கின் நீலச் சட்டைக்காரனைத் தெற்கின் சாம்பல் சட்டைக்காரன் குத்துகிறான், அடுத்ததில் அவன் இவனைக் குத்துகிறான். ஒரு போரை அப்படித்தான் வரைய முடியும், ஓவியரைக் குறை சொல்ல முடியாது. மார்ஸ் அட்டாக்ஸில் அடுத்த கார்டில் என்ன வரும் என்று தெரியாத தவிப்பு இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் உங்களுக்கு ஏற்கெனவே ஈடுபாடு இருந்தால் என் வரிசையைத் தாராளமாகத் தலைகீழாக்கிக்கொள்ளலாம்.

1966-இல் டாப்ஸ் வெளியிட்ட ஓவியப் பேட்மேன் கார்டுகளிலும் சாண்டர்ஸ் இருக்கிறார். முதல் செட் 55 கார்டு. தொடங்குவதற்கு நல்ல இடம், ஆனால் அது வேறு உலகம், அதை இங்கே இழுக்கவில்லை.

ஒரு நாள் விற்க வேண்டி வரலாம் என்பதையும் யோசித்து வைப்பது நல்லது. ஸ்லாபில் உள்ள தனிக் கார்டு சீக்கிரம் விற்கும். பெட்டி இல்லாத முழு செட்டுக்கு, உங்களை நம்பும் ஒரு ஆள் வேண்டும், அல்லது கார்டு ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் தெளிவாகப் படம் எடுக்கும் பொறுமை வேண்டும். செட்டைப் பிரித்து விற்றால் மொத்தம் அதிகமாக வரலாம், ஆனால் முதலில் போவது 1, 36, 55. யாரும் கேட்காத இருபது கார்டு உங்களிடமே தங்கிவிடும். நான் மேலே சொன்னபடி அந்த மூன்றை ஸ்லாபில் வைத்திருந்தால், அவசரத்துக்கு அவற்றை மட்டும் கொடுத்துவிட்டுக் கதையின் பெரும்பகுதியைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

வாங்கியதும் பழைய மிருதுவான பிவிசி உறைகளில் போடாதீர்கள், அவை நாளாக ஆகக் கார்டில் ஒட்டி மேற்பரப்பைக் கெடுக்கும். பாலிப்ரொப்பிலீன் உறை, அமிலம் இல்லாத பெட்டி, வெயிலும் ஈரமும் படாத இடம், போதும். சுவரில் மாட்ட ஆசையாக இருந்தால் மறுஅச்சை மாட்டுங்கள், அதற்கு அது அருமையாக உதவும்.

என் செட்டில் இன்று 54 கார்டு இருக்கிறது. 36-ஐ மறுபடி வாங்கினேன், இந்த முறை ஸ்லாபில், எண் 4, வலது மேல் மூலை நன்றாகவே உருண்டிருக்கிறது, சிறுவனின் முகம் தெளிவாக இருக்கிறது. 55-இல் ஏதோ ஒரு பிள்ளை பதினேழு எண்களுக்குப் பென்சிலால் டிக் போட்டிருக்கிறது. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை, அழிக்கவும் கூடாது, கிரேடிங்கில் அது இன்னும் மோசமாகத் தெரியும். 1-ஆம் எண் மட்டும் இன்னும் வரவில்லை. ரப்பர் பேண்ட் பள்ளத்தோடு இருந்தாலும் சரி, நிறம் விலகாத ஒன்றுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.